கரண்டை மூடும் பூட்ஸு

இதை எனக்கு முதலில் சொன்னது சொர்ணம்மாள். போன ஞாயிறு பூசை முடிந்து, கோவில் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னாள். கையில் செபமாலையோடு நான் சிரித்துவிட்டேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.

சொர்ணம்மாளுக்கு அடுத்த வீடு ததேயுஸ் வீடு. கோட்டாற்றில் கருவாட்டு மண்டி வைத்திருப்பவர். கஞ்சிக் கும்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து சபதம் போட்டார்.

"எனக்கு உசிரு இருக்க மட்டும் இந்த வீட்டுக்குள்ள பூட்ஸு ஏறாது!"

எல்லாம் மகள் பேபியால். கான்வென்டில் கூடைப்பந்து ஆடுகிறவள். போன மாதம் குதித்து இறங்கும்போது கரண்டைக்கால் பிசகி, தைலம் தடவி, அப்போதுதான் நேராக நடக்கத் தொடங்கியிருந்தாள். அதற்கு அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் பந்தயம். கரண்டையை இறுக்கிப் பிடிக்கிற பூட்ஸ் வேண்டும் என்று கேட்டது அவர் மனைவி கிளாரா.

"நான் முட்டத்துப் பாறையில வெறுங்கால்ல ஓடி வளந்தவன். எனக்குப் பிசகிச்சா?"

"உங்களுக்கு இருக்கது காலா? நங்கூரம்லா!"

"ஆடட்டும். நான் தடுக்கல்ல. வெறுங்காலோட ஆடட்டும்!"

"செரி."

கிளாரா அத்தனை லேசாகச் 'செரி' சொன்னதும் ததேயுஸ் சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னட்டி செரி?"

"பிள்ளைக்க காலை சவேரியாருட்ட ஒப்படைச்சாச்சு. பூட்ஸு இல்லாம ஆடி, பிசகாம வந்தா, தேருக்குப் பின்னால அவ அப்பா உருண்டு வருவாருன்னு நேந்திருக்கேன்."

கஞ்சி புரையேறியது.

"ஏட்டி! நேந்தது நீ, உருளுதது நானா?"

"பெத்தவங்கள்ல ஒருத்தர் உருளணும். எனக்கு முதுகு வலி."

கோட்டாற்றுத் தேருக்குப் பின்னால் நேர்ச்சைக்காரர்கள் தெருவில் உருண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். நேர்ந்தவர் யாரானாலும், பெயர் சொல்லப்பட்டவர் தப்ப முடியாது. ததேயுஸின் தொந்தியோ, அவருக்கு முன்பே மண்டிக்குள் நுழைந்துவிடும் தொந்தி. அதோடு எப்படி உருள்வது?

முழங்காலில் நின்றார். எதைக் கேட்டுச் செபிப்பார்? பிள்ளை சுகமாக வந்தால் அவர் உருள வேண்டும். அவர் உருளாமல் இருக்க, பிள்ளைக்குக் கால் பிசக வேண்டும். எந்தத் தகப்பன் அப்படிச் செபிப்பான்? பூட்ஸ் போட்டு ஆடினால் நேர்ச்சையே இல்லையே என்று பட்டதும் எழுந்துவிட்டார்.

"கிளம்புங்கட்டி கடைக்கு! நான் ஒண்ணும் தோத்துப்போயி வாங்கல்ல. நானா நெனச்சு வாங்குதேன்!"

"நீங்களா நெனச்சா?"

"நானாத்தான் நெனச்சு!"

"இன்னொருக்கச் சொல்லுங்க, காது குளிரட்டும்."

கடையில் இருப்பதிலேயே மலிவானதை எடுத்து, கருவாட்டை முகர்கிற பழக்கத்தில் முகர்ந்து பார்த்தார். "நல்ல சாதனம்!"

"இது கரண்டைக்குக் கீழயே நின்னுபோச்சே. சவேரியாரு இதைப் பூட்ஸுன்னு எடுப்பாரா?" என்றாள் கிளாரா.

அடுத்து, பட்டாளத்துப் பழைய தோல் பூட்ஸ். கரண்டையை மூடியது. விலையும் கொஞ்சம்தான். பேபி அதைப் போட்டுக் குதித்தாள். கடைப் பலகை அதிர்ந்தது, அவள் எழும்பவில்லை.

"அப்பா, இதைப் போட்டா சண்டைக்குத்தான் போலாம்."

கடைசியில் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி எடுத்தார். கேன்வாஸ் துணி, ரப்பர் அடி, கரண்டைக்கு மேலே வரை கயிறு. ஒரு பக்கம் வெயிலில் வெளுத்துப்போனதால் விலை பாதியாக இறங்கியது. பேபி கயிற்றை இறுக்கிக் கட்டி, ஒற்றைக் காலில் குதித்து இறங்கினாள். கரண்டை அசையவில்லை.

தெருவில் இறங்கியதும் ததேயுஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "பூட்ஸு வந்தாச்சு. உனக்க நேர்ச்சை போச்சுல்லா? எங்கிட்டயா?"

"அது போச்சு," என்றாள் கிளாரா மெதுவாக. "ஆனா, இந்த மனுசன் மனசு இளகி, அவராவே நெனச்சுப் பூட்ஸு வாங்கினா, நன்றிக்கு உருண்டு வருவாருன்னு அதுக்கு முந்தின நாளே நேந்தாச்சு."

பந்தயத்துக்குப் போன பேபி கால் பிசகாமல் சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். தேர் வருகிற செவ்வாய்க்கிழமை. மழை விட்டிருந்தால் ரோடு வெயிலில் கொதிக்கும். ததேயுஸ் உருண்டு உங்கள் வாசலைத் தாண்டும் முன்னால், ஒரு செம்புத் தண்ணீர் தெளித்து வையுங்கள், அம்மா.