ஹீற்றர் புனருத்தாரண உபகுழு

கனடாவின் வரலாற்றை எழுதப்போகும் அறிஞர்கள் 1994 மாசி மாதத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். அந்த மாதத்தில்தான் வெக்ஸ்போர்ட்டில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் ஹீற்றர் விசிறி நின்றுபோனது. அதை மீட்க எங்கள் ஊர்ச் சங்கம் களமிறங்கியது. சங்கத் தலைவர் இராஜரட்ணம் என் மகன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

விசிறி சுழலாவிட்டால் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். அப்படியான காரில் லைசென்ஸ் சோதனை நடத்தும் அதிகாரி ஏறமாட்டார். மருமகள் தவமணிக்குச் சனிக்கிழமை பத்து மணிக்குச் சோதனை. விடியுமுன் பனிக்குள் நின்று, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள். பழைய கார் உடைக்கும் இடத்தில் மாற்று மோட்டரையும் அவளே வாங்கி வைத்திருந்தாள்.

"கழட்டிப் பூட்டினாச் சரிதானே?" என்றாள்.

"நீர் சும்மா இரும். முதல்ல உபகுழு ஒண்டு போடவேணும்," என்றார் கணவரான தலைவர்.

வெள்ளி மாலை தேவாரத்துடன் கூட்டம் ஆரம்பமாகியது. செயலாளர் பொன்னம்பலம் சென்ற கூட்ட அறிக்கையை வாசித்தார். பிறகு, ஏகமனதாக, எல்லோரும் காருக்குப் போனார்கள்.

மோட்டர் இருந்தது டாஷ்போட்டின் கீழே, எலி கூட யோசித்து நுழையும் இடுக்கில். மூன்று ஸ்குறூ. இரண்டு கழன்றன. மூன்றாவது, காரின் உட்தகட்டுப் பக்கம் திரும்பி இருந்தது. தலைவர் 'துணிச்சலுடன்' கையை விட்டார். கை போனது, வரவில்லை.

"அண்ணை, இறுகிப்போச்சோ?"

"வரும், வரும். நீ உதை அறிக்கையில எழுதாத!"

நான் நல்லெண்ணெய்ப் போத்தலுடன் போய்த் தலைவரை விடுவித்தேன்.

"நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்றாள் தவமணி.

"உது பொம்பிளையள் செய்யிற வேலையே, தங்கச்சி?" என்றார் பொன்னம்பலம். உபகுழு ஆலோசிப்பதற்காகத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனது.

தவமணி கோட்டைக் கழற்றிவிட்டு, தலைகீழாகக் காருக்குள் படுத்தாள்.

"மாமி, டோர்ச்சை இங்காலை பிடியுங்கோ."

"கை விறைக்கேல்லையே, பிள்ளை?"

"பெக்டறியில இதைவிடச் சின்ன ஓட்டைக்குள்ள கை விடுறனான்."

பதினைந்து நிமிடத்தில் பழைய மோட்டர் வெளியே, புதியது உள்ளே. எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டதும் சூடான காற்று முகத்தில் அடித்தது. சத்தம் கேட்டுச் சங்கம் ஓடிவந்தது.

"வெற்றி!" என்றார் தலைவர். "நாளைக்கு ஒன்பதரைக்குப் பார்க்டேல் மண்டபத்தில விசேட பொதுக்கூட்டம். காரையும் கொண்டுபோய்க் காட்டுவம்."

"இஞ்சேருங்கோ, பத்து மணிக்கு என்ர சோதினையெல்லோ?"

"சோதினை எப்பவும் வரும். சங்கத்துக்கு உப்பிடி ஒரு வெற்றி எப்பவும் வருமே?"

தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை எல்லோரும் சூடாகப் பார்க்டேல் போய்ச் சேர்ந்தோம். எண்ணெய் மணம் மாறாத கையை உயர்த்தி, சரியாகப் பத்து மணிக்குத் தலைவர் முழங்கினார்:

"எங்கட பெண்கள் இந்த நாட்டுக்கு வந்தும் கார் ஓடப் பழகாமல் இருக்கினம். எல்லாத்துக்கும் எங்களையே நம்பி இருந்தா எப்படி?"

கரகோஷம். பொன்னாடை. இரண்டாம் வரிசையில் தவமணி, சோதனைக் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

தலைவரைப் பெற்ற தாய் என்று என்னையும் மேடைக்கு அழைத்தார்கள். இப்படியொரு மகனை வளர்த்தது பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

"பிழை என்னிலதான்," என்றேன்.

என்ன அடக்கம் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள்.