கம்பில் ஏறிய சாரம்

இயேசு மரி சூசை

குருநகர்,
வெள்ளிக்கிழமை

பாசமுள்ள பெரியண்ணைக்கு,

தங்கை சிசிலியா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக என்று எழுதாமல் உயிரோடு என்று எழுதினதற்குக் காரணம் உண்டு, பொறுமையாக வாசியுங்கோ. போனில் சொன்னால் நீங்கள் இடையில் புகுந்து புத்தி சொல்லுவீர்கள். கடிதம் என்றால் நான் மட்டும் கதைக்கலாம். பக்கத்து வீட்டு நிரோஜினி பாரிசுக்குத் திரும்புகிறாள். அவளுடைய கருவாட்டுப் பொதிக்குள் இதையும் வைக்கிறேன், மணத்துக்காகக் கோபிக்க வேண்டாம்.

எல்லாம் ஒரு பந்தில் தொடங்கினது. எங்கள் மேற்குவாடிக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கிழக்குவாடிக்கும் கரப்பந்தாட்டம் நடந்ததல்லவா, கடைசிப் பந்து கோட்டில் விழுந்தது. உள்ளே என்றான் உங்கள் மருமகன், என்ரை மகன் எமில்ராஜ், வெளியே என்றான் கிழக்குவாடி றஞ்சித். இரண்டு பேரும் ஒரே நாளில் கோயிலில் முதல் நன்மை எடுத்தவர்கள், ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். அன்றைக்குப் பின்னேரமே எங்கள் பெடியள் வாட்சப்பில் ‘மேற்குவாடிச் சுறாக்கள்’ ஆகிவிட்டார்கள். விடியுமுன் அவர்கள் ‘கிழக்குவாடித் திமிங்கிலங்கள்’. சுறாவுக்குப் பச்சைக் கொடி, திமிங்கிலத்துக்குச் சிவப்புக் கொடி, படகுக்குப் படகு கம்பு நட்டுப் பறக்க விட்டார்கள். பிறகு சரித்திரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் கோட்டை விட்ட என்ரை பிள்ளை, பறங்கி வருமுன்னமே மேற்குவாடி இருந்தது, கிழக்குவாடி பிறகு வந்து ஒட்டினது என்று பக்கம் பக்கமாக எழுதினான். “எடேய், எங்கடை அப்பு பிறந்ததே கிழக்குவாடியிலையெல்லோ?” என்று கேட்டேன். “அம்மா, உதை வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ!” என்றான்.

அதோடு கிழக்குவாடிச் செபஸ்தியம்மாவின் பேக்கரிக் கடையில் பாண் வாங்கத் தடை. வாங்கினால் துரோகி. நான் மீன்கூடைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பேன், சுறாக்கள் அத்தனையும் தின்றுவிட்டு, “பாத்தியளோ, எங்கடை பக்கத்துப் பாணின்ரை ருசி!” என்பார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிளேன்ரீ ஊற்றுவேன். ஆனால் அண்ணை, ஒருநாள் வீடு கூட்டும்போது எமில்ராஜின் கட்டிலுக்குக் கீழே அடிபாட்டுக்கு வைத்த இரும்புப் பொல்லு கிடந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள், இருபது வருசமாய் இந்தக் கரையில் கால் வைக்காத நீங்கள், “விடாதை மருமோன்!” என்று வாட்சப்பில் எழுதி மூன்று நெருப்புப் படம் போட்டீர்கள். அங்கை கம்பளிச் சட்டைக்குள் இருந்து நெருப்பை அனுப்புறியள், சுடுறது இங்கை.

போன செவ்வாய் சோளகக் காற்று கடுமையாக அடித்தது. துரோகியோடு கடலுக்குப் போகமாட்டேன் என்று தன் கூட்டாளியை இறக்கிவிட்டு எமில்ராஜ் தனியாகப் போனான். கூட்டாளி செய்த துரோகம், றஞ்சித்தின் தங்கச்சி கலியாணப் படத்துக்கு லைக் போட்டது. மண்டைதீவுக்கு அங்காலே எஞ்சின் நின்றது, போன் நனைந்தது, படகில் ஓட்டை விழுந்து தண்ணி ஏறத் தொடங்கினது. கடலில் ஆபத்து என்றால் கம்பில் துணி கட்டி ஆட்டுவது எங்கள் வழக்கம், அது உங்களுக்கும் மறந்திராது. இவனும் பச்சைக் கொடியைப் பிடுங்கி ஆட்டினான். எங்கள் சுறாப் படகு ஒன்று கண்டது. கண்டு, “மேற்குவாடி!” என்று கத்தி, தங்கள் கொடியையும் ஆட்டிவிட்டுச் சந்தோசமாகப் போனது. பிறகு றஞ்சித் வந்தான். தன்னைச் சண்டைக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்துச் சிவப்புக் கொடியை ஆட்டினான். இவன் அழுதழுது ஆட்ட, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்ட, இரண்டு கைகளும் ஓய்ந்ததுதான் மிச்சம். றஞ்சித் படகைத் திருப்பிவிட்டான்.

முழங்காலுக்குத் தண்ணி வந்த பிறகுதான் என் பிள்ளைக்கு மூளை வந்தது. இடுப்பில் கட்டியிருந்த நீலக் கட்டச் சாரத்தை அவிழ்த்துக் கம்பில் கட்டி உயர்த்தினான். றஞ்சித் திரும்பிப் பார்த்திருக்கிறான். “டேய், அது சாரமடா! உவனுக்கு என்னவோ நடந்திட்டுது!” என்று தன் படகில் இருந்தவர்களுக்குக் கத்திவிட்டு, காற்றை அறுத்துக்கொண்டு வந்தான்.

“என்னடா, ஓட்டைக் காற்சட்டையோடை நிக்கிறாய், வெக்கமில்லையோ?”

“முதல் கயிறைப் போடு, வெக்கத்தைக் கரையிலை பாப்பம்.”

பச்சைக் கொடியைப் படகின் ஓட்டையில் அடைத்துத்தான் கரைவரைக்கும் இழுத்து வந்தார்கள். அதாலை அதுக்கும் ஒரு பிரயோசனம் கிடைத்தது. அவன் திரும்பவில்லையென்று நான் கரையில் நின்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கண்டதும் கட்டிப்பிடித்தேன், பிறகு அகப்பையால் இரண்டு போட்டேன். றஞ்சித்துக்கும் ஒன்று போட்டேன், கொடியைத் திருப்பி ஆட்டினதற்கு. பிறகு புட்டும் சுறா வறையும் வைத்தேன். ஒரு சுறாவும் ஒரு திமிங்கிலமும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்துத் தின்னுகிறதைப் பார்த்து எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை அண்ணை. அன்று இரவுதான் மாதக் கணக்கில் வராத நித்திரை வந்தது. பொல்லு இப்போது எங்கள் கோழிக்கூட்டுக் கதவுக்கு முண்டு கொடுத்து நிற்கிறது. இனி இந்த வீட்டில் எந்தக் கொடியும் ஏறாது என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிவிட்டேன். நீங்களும் அந்த நெருப்புப் படங்களை அழித்துவிடுங்கோ.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். எங்கள் புனித யாகப்பர் உங்கள் எல்லோரையும் குளிரிலிருந்தும் கோபத்திலிருந்தும் காக்கட்டும்.

உங்கள் செல்லத் தங்கை,
சிசிலியா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் எமில்ராஜும் றஞ்சித்தும் வந்தார்கள். இரண்டு வாடியும் ஒன்றாகிவிட்டதாம், கொடியும் ஒன்றாம், அதே நீலக் கட்டச் சாரம். “ஆருக்கு எதிராயடா?” என்று கேட்டேன். அடுத்த கோயில் பங்குக்காரருக்காம். அகப்பையைத் தூக்கினேன். “அன்ரி, பெருநாளிலை உங்கடை சுறா வறையிலை உப்புக் கூடவெண்டு சொன்னது அவங்கள்தான்,” என்றான் றஞ்சித். அந்தப் பங்குக்காரர் எப்பவும் அப்படித்தான் அண்ணை, உங்களுக்கே தெரியும். கொடிக்கு விளிம்பு நான்தான் தைக்கிறேன். நெருப்புப் படத்தை இப்ப அழிக்க வேண்டாம்.