சிந்துவின் மாத்திரையும் மௌரீன் அக்காவின் ஆளி விதையும்

கேட்காமலே வைத்தியம் சொல்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். விவேக் நகரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர், தமிழில் கன்னடம் கலந்து பேசும் மௌரீன் அக்கா.

எதிர்வீட்டு சிந்துவுக்கு முப்பத்துமூன்று வயது. எட்டு மாதமாக மாதவிலக்கு இல்லை. உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சினைப்பை காலத்துக்கு முன்பே ஓய்கிறது, எலும்பும் இதயமும் கெடாமலிருக்க ஐம்பது வயது வரையாவது ஹார்மோன் மாத்திரை வேண்டும் என்றார். பிள்ளை? "வாய்ப்பு குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்." சிந்து ஆட்டோவிலேயே அழுதாள். அழுத முகத்தைப் பார்த்தபின் அக்கா விடுவாரா?

"என்கிட்ட சொல்லும்மா. வெளியே போகாது."

போகவில்லை. ஜெபக்குழுவுக்கு மட்டும்தான் போயிற்று. நோயை விவரமாகச் சொன்னால்தானே விவரமாக ஜெபிக்க முடியும்? குழுவில் அறுபத்திரண்டு பேர். மறுநாள் பூக்காரம்மா முதல் பேக்கரி ஆம்ப்ரோஸ் வரை சிந்துவின் சினைப்பையை நலம் விசாரித்து, கற்றாழை, கருஞ்சீரகம், மைசூர்ப் பக்கத்து நாட்டு வைத்தியர், ஐ.டி. வேலையை விடுவது என்று ஆளுக்கொரு மருந்தும் சொல்லிப் போனார்கள்.

அக்காவின் மருந்து ஆளி விதைப் பொடி.

"ஹார்மோன் போட்டு சும்னே உடம்பைக் கெடுத்துக்காதே. மாத்திரை போட்டா தீட்டு வருது, விட்டா நிக்குது. அப்போ நிறுத்துறதே மாத்திரைதானே?"

இதற்கு எந்த மருத்துவக் கல்லூரியில் பதில் இருக்கிறது? தினமும் வாசல் கேட் பக்கத்தில் நின்று "பொடி சாப்ட்டியா?" என்று கேட்பவரிடம் எத்தனை நாள்தான் பொய் சொல்வது? சிந்து மாத்திரையை நிறுத்தினாள். ஒரு வருஷம் கழித்து ஸ்கேனில் எலும்பு மெலிந்திருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சிந்துவோ நிதானமாகத்தான் பேசினாள்.

"அக்கா, உங்க பாசம் புரியுது. ஆனா எனக்கு எலும்பு போகுது. இனி மாத்திரைதான். நீங்க மருந்து எதுவும் சொல்லாம கொஞ்ச நேரம் கூட உக்காருங்க, போதும்."

அக்கா உட்கார்ந்தார். கண் கலங்கினார். முழுசாக இரண்டு நிமிஷம் வாய் திறக்கவில்லை.

"எலும்புக்குன்னா ராகி முத்தேதான்மா, நம்ம கேழ்வரகுக் களி..."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, "நமக்குத் தெரிஞ்ச வைத்தியர் ஒருத்தர் இருக்காரே, இந்தப் பொண்ணுக்கு நம்பர் குடுக்கலாமே" என்று ஒரு கணம் மனத்தில் ஓடியதா இல்லையா? சிந்து உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லையே.