மூன்று டபிள்யூ கேட்ட ரவிச்சந்திரன்

இனி ஒரு பொய் முகவரிகூட உள்ளே நுழையக் கூடாது என்று ரவிச்சந்திரன் சபதமே செய்துவிட்டான். 2006ஆம் வருஷம். புதுப்பட்டினம் குடியிருப்பு மன்றத்துக்காக, வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிற பெண்களின் பட்டியலை இணையத்தில் ஏற்றும் வேலை அவனுடையது. பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் மன்றத்தின் புத்தாண்டு விருந்து ஆர்டர். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறப்பு விழா!

முதல் பலி சொந்த மனைவி. பிரதீபா தன் இறால் ஊறுகாய்க்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தாள். அதன் முகவரியைப் பட்டியலில் அடித்ததும் திரை சிவந்தது: "செல்லாத முகவரி."

"இன்னாங்க, என் கடையே செல்லாதா?"

"மூணு டபிள்யூ எங்க? அது இல்லாம எவன் வந்தாலும் தொரத்திடும்."

"கிளிக் பண்ணிப் பாருங்க. தொறக்குது இல்ல?"

"தொறந்தா இன்னா? விதின்னா விதி!"

பிரதீபா விறுவிறுவென்று மூன்று டபிள்யூ அடித்தாள். பின்னாலேயே 'கடல்மேல யானை' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, புள்ளி வைத்து 'காம்' போட்டாள். "நன்றி, பதிவாகிவிட்டது" என்று குழைந்தது திரை.

"இப்டி ஒரு தளமே கெடையாது. அத்த உள்ள வுட்டுட்டு என்னை வாசல்ல நிக்க வெச்சுகினு கீது உங்க விதி! தொறந்து பாத்து, தொறக்கலேன்னா கேக்கலாம்ல?"

"புரோக்ராம் எழுதினது நானா, நீயா?"

பிரதீபா போனை எடுத்து மன்றச் செயலாளர் சுப்புராமனிடம் இரண்டே நிமிஷம் பேசினாள்.

விழாவில் சுப்புராமன் மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு விழாவுல முதல் பதிவு நம்ம மன்றத்தோட முகவரிதான்! அதான் மங்களகரம்னு பிரதீபா மேடம் சொன்னாங்க!"

ஒரே கைதட்டல். ரவிச்சந்திரனும் உற்சாகமாகத் தட்டினான். பாதியில் கை நின்றுவிட்டது. மன்றத்தின் தளமும் அதே இலவச இடத்தில்தான் இருந்தது. அதற்கும் மூன்று டபிள்யூ கிடையாது!

சுப்புராமன் முகவரியை அடித்ததும், "செல்லாத முகவரி" என்று பெரிய திரை முழுக்கச் சிவந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ரவிச்சந்திரனுக்கு மானம் போயிற்று. வியர்த்துக் கொட்ட மேடைக்கு ஓடி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். பிரதீபா பின்னாலேயே வந்து நின்றாள்.

"காலியா வுட்டா மட்டும் தடுங்க. மீதிய தொறந்து பாக்கட்டும். தொறக்கலேன்னா, 'சரியா பாத்தீங்களா'ன்னு ஒருவாட்டி கேக்கட்டும். அம்புட்டுதான்."

அவள் சொன்னபடியே அடித்தான். மன்றம் உள்ளே போனது. அடுத்த நொடியே இறால் ஊறுகாயும் போனது.

கடைசியில் சுப்புராமன் நன்றி சொன்னார்: "தளத்தைச் சரிசெஞ்சு குடுத்த பிரதீபா மேடத்துக்கும், அவங்க சொல்லச் சொல்ல டைப் அடிச்ச அவங்க வீட்டுக்காரருக்கும் நன்றி!"