ஒரு மட்பாண்டக் கூடம் அடையாளம் பெற்ற வரலாறு

மனிதகுலம் மண்ணைக் குழைத்துப் பாத்திரம் செய்யக் கற்றுக்கொண்டு பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அத்தனை ஆண்டுகளும் அது ஒரு லோகோகூட இல்லாமல் தண்ணீர் குடித்து வந்திருக்கிறது என்பதை நினைத்தால், நல்ல மனம் படைத்த எவருக்கும் தொண்டை அடைக்கும். அந்தப் பெருங்குறையைத் தன் ஒற்றை ஷட்டர் கடையளவிலாவது நீக்கிவைத்த ஒரு மாமனிதரின் கதை இது.

அவர் காப்பீட்டு அலுவலகத்தில் காலம் தள்ளிவிட்டு விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். அவருடைய மனைவி மட்பாண்டம் வனைகிறவள். வீட்டின் கீழ்த்தளத்தில், சாவி செய்கிற கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, இருவரும் ஒரு கூடம் நடத்திவந்தார்கள். கூடக்காரர் மண்ணைப் பிசைந்து கொடுப்பார், மின்சூளையைப் பார்த்துக்கொள்வார், கல்லாவில் உட்காருவார். மீதி எல்லாம் மனைவியின் கை. வாசல் பலகையில் ‘மண்ணும் கையும்’ என்று மீந்துபோன நீலப் பூச்சில் அவளே எழுதி மாட்டியிருந்தாள். ஜனங்கள் வருவார்கள். கிண்ணத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள், விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், பிடித்தால் வாங்கிக்கொண்டு போவார்கள். வியாபாரம் என்பது இவ்வளவுதான் என்று அந்த அப்பாவித் தம்பதி நம்பிக்கொண்டிருந்தது.

கூடக்காரருக்கு ஞானம் வந்தது ஒரு குளிரூட்டப்பட்ட அரங்கில். சிறுதொழில் முனைவோருக்கான பயிலரங்கு ஒன்றில், மேடையில் நின்றவர் திடீரென்று இவரைப் பார்த்துக் கைநீட்டி, “உங்க கடைக்கு முகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டார்.

“ஷட்டர் இருக்குங்க” என்றார் கூடக்காரர்.

அரங்கமே சிரித்தது. கொடுத்த பிஸ்கட்டைக்கூடத் தின்னாமல் கிளம்பியவர், எதிர்ச்சாரியில் நின்று தன் கடையை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். உள்ளே சக்கரத்தில் ஒரு கூஜாவை எழுப்பிக்கொண்டிருந்த மனைவி, இவரைக் கண்டதும் சேறு படிந்த கையை ஆட்டினாள். அவர் கவனிக்கவில்லை. முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே முகம் செய்கிறவர் வந்துசேர்ந்தார். அவருடைய அட்டையில் ‘அடையாளச் சிற்பி’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. தொலைபேசி எண் இல்லை, முகவரி இல்லை. எப்படித் தொடர்பு கொள்வது என்று கேட்டதற்கு, உண்மையான தேவை இருப்பவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். கூடக்காரருக்குக் கண் கலங்கியது. காப்பீட்டு அலுவலகத்தில் இப்படி ஒரு தன்னம்பிக்கையை அவர் பார்த்ததே இல்லை.

முதல் வேலையாகச் சிற்பி அவருக்கு ‘நிறுவனர்’ என்று பட்டம் சூட்டினார். எனவே நாமும் இனி அவரை அப்படியே அழைப்போம்.

ஆய்வுக் கூட்டம் தொடங்கியது. இந்தக் கூடம் ஒரு விலங்காக இருந்தால் என்ன விலங்காக இருக்கும் என்று சிற்பி வினவினார். நிறுவனர் கண்ணை மூடி யோசித்து யானை என்றார். சக்கரத்தடியில் இருந்தபடியே மனைவி, எருமை என்றாள். சேற்றிலேயே கிடக்கும், யார் சொன்னாலும் நகராது என்று காரணமும் சொன்னாள். சிற்பி அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். அடுத்து, ஏன் பானை என்று கேட்டார்.

“தண்ணி ஊத்தி வைக்க” என்றாள் மனைவி.

சிற்பி பென்சிலைக் கீழே வைத்தார். சின்னக் குழந்தைக்குக் கெட்ட செய்தி சொல்கிற குரலில் பேசினார்.

“மேடம், நாம விக்கிறது பானை இல்ல. பானைக்குள்ள இருக்கிற வெற்றிடம்.”

“அப்ப பானைய நான் திருப்பி வாங்கிக்கலாமா?”

நிறுவனர் இருமினார். மனைவி சிரித்துக்கொண்டே அடுத்த உருண்டையைச் சக்கரத்தில் வைத்தாள். அப்போதெல்லாம் அவள் சிரித்தாள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வண்ணத் தேர்வு ஒரு மாத காலம் நடந்தது. மேசையில் வரிசையாகப் பழுப்பு அட்டைகள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அவை எல்லாம் ஒரே சேறாகத் தெரியலாம். மனைவிக்கும் அப்படித்தான் தெரிந்தது. பயிற்சி பெற்ற கண்ணுக்கோ ஒவ்வொன்றும் ஒரு தத்துவம். இறுதியில் ‘மௌனத்துக்கு முந்தைய பழுப்பு’ ஒருமனதாகத் தேர்வாயிற்று. அந்த ஒரு மனம் சிற்பியுடையது.

அடுத்தது பெயர். ‘மண்ணும் கையும்’ என்பதில் கை எதற்கு என்று சிற்பி கேட்டார். கை இல்லாமலா மண் பானையாகிறது, அது சொல்லாமலே விளங்குமே என்றார். நிறுவனருக்கு நியாயமாகப் பட்டது. கையை எடுத்தார்கள். மிஞ்சிய ‘மண்’ மிகவும் வெளிப்படையாக இருப்பதாகவும், கடையில் என்ன கிடைக்கும் என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவதாகவும் சிற்பி வருந்தினார். நாள்கணக்கில் செதுக்கியபின் அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அதில் ‘ம்’ என்று இருந்தது.

“பழைய பேர்ல ரெண்டு சொல்லும் முடியற இடம் இது, சார். நேரா இங்கேயே வந்துட்டா வாடிக்கையாளருக்கு நேரம் மிச்சம்.”

சின்னமும் தயாராயிற்று. பெரிய திரையில், இருட்டில், இசையோடு அதை வெளியிட்டார் சிற்பி. ஒரு வட்டம். வலது பக்கம் அதில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் உலகம் உள்ளே வருகிறது என்று அவர் விளக்கினார்.

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “விளிம்பு உடைஞ்ச கிண்ணம் மாதிரி இருக்கு. எனக்கு இப்படி ஒண்ணு வந்தா தொட்டியில தூக்கிப் போட்டுடுவேன்.”

“உனக்கு இதெல்லாம் புரியாது. நீ போய் உன் வேலையப் பாரு” என்றார் நிறுவனர்.

கல்யாணமான நாளிலிருந்து மூன்றாம் மனிதர் முன்னால் அவர் அவளை அப்படிப் பேசியதில்லை. சொன்ன மறுகணம் அவருக்கே நாக்கு உறுத்தியது. ஆனால் சிற்பி அவர் தோளில் கைவைத்து, நிறுவனர்கள் கடினமான முடிவுகளை எடுக்கத்தான் வேண்டும் என்றார். உறுத்தல் போய்விட்டது. மனைவியும் போய்விட்டாள், சக்கரத்துக்கு. அன்று அவள் எழுப்பிய எதுவும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் அழுத்தி மறுபடி உருண்டையாக்கி ஈரத்துணியைப் போட்டு மூடினாள்.

புதிய பெயர் வியாபாரத்தில் உடனே பலன் தந்தது. தொலைபேசியை எடுத்ததும் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது விதி. முதலில் அழைத்தவர் களிமண் கொண்டுவந்து போடுகிறவர்.

“ம்” என்றார் நிறுவனர்.

“சார், மண்ணும் கையும்தானே? மண்ணு அனுப்பவா?”

பழைய பெயரைத் திருத்துவது நிறுவனரின் கடமை. “ம்” என்று அழுத்திச் சொன்னார்.

“எப்பவும் எடுக்கறதா, ரெண்டு மடங்கா?”

“ம். வெறும் ம்.”

“ரெண்டு மடங்குதானே கேக்கறீங்க?”

“ம்னு சொல்றேன்ல.”

சாயங்காலம் இரண்டு மடங்கு மண் வந்து வாசலை அடைத்துக்கொண்டு இறங்கியது. இதைச் சிற்பியிடம் சொன்னபோது அவர் பூரித்துப்போனார். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சம்மதமாகிவிடுகிறதே, எந்தப் பெயருக்கு இந்தச் சக்தி உண்டு என்று கேட்டார். நிறுவனர் மண்மூட்டைகளின் மேல் ஏறி வீட்டுக்குள் போனார்.

பிறகு ‘அடையாள நெறிநூல்’ வந்தது. தலையணை கனம். அதன்படி சின்னத்துக்குச் சுவாசிக்க இடம் வேண்டும். சுவரளவு சின்னத்துக்கு அறையளவு சுவாசம் தேவைப்பட்டதால் அலமாரிகள் அகற்றப்பட்டன. நெறிநூலில் நீலம் இல்லாததால் நீலக் கிண்ணங்கள் பெட்டிக்குள் போயின. கூடத்தில் இருப்பவர்கள் பழுப்பு மேலங்கி அணிய வேண்டும், அதில் மண் படக்கூடாது. மனைவி அந்த மேலங்கியை ஆணியில் மாட்டி, அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மரியாதையாக ஒதுங்கி நடந்தாள்.

புகைப்படம் எடுக்கும் நாளில் சிறு சிக்கல் எழுந்தது. படத்துக்கு ஒரு ஜோடிக் கை தேவை. மனைவி கையைக் கழுவி, துடைத்து, நீட்டினாள். சிற்பி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. கணுக்களில் வெடிப்பு. இந்தக் கை மட்பாண்டத் தொழிலுக்குப் பொருத்தமாக இல்லை என்று அவர் நயமாகத் தெரிவித்து, முகப்பூச்சு விளம்பரத்தில் நடிக்கும் ஒரு பெண்ணின் கையை வரவழைத்தார். அந்தக் கை தொட்டதும் மண் எகிறிக் காமிரா மேல் அப்பியது. எனவே, எதையும் பிடிக்காமல் காற்றை ஏந்தி நிற்பதாகவே அதைப் படம் எடுத்தார்கள்.

மனைவி மூலையில் நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுவனர் அதைக் கவனித்தார். அவள் பக்கம் ஓரடி வைத்தார். அதற்குள் படக்காரர், நிழல் விழுகிறது சார், தள்ளுங்க என்றார். தள்ளிக்கொண்டார்.

மறுநாள் அவளுடைய தம்பி வேனைக் கொண்டுவந்தான். சக்கரம், சூளை, பூச்சு வாளிகள், நீலக் கிண்ணப் பெட்டி, கேட்பாரற்றுக் கிடந்த அந்த இரண்டு மடங்கு மண், எல்லாம் ஏறின. என் அக்கா வீட்டுக் கார் ஷெட் காலியாக இருக்கிறது, கொஞ்ச நாள் அங்கே செய்கிறேன் என்றாள் மனைவி.

“இங்க நான் வேல செஞ்சா உங்க சுவருக்கு மூச்சு முட்டும்.”

அவள் வாசலில் சற்று நின்றாள். வேண்டாம் என்று ஒரு சொல்லுக்காக நின்றாள் என்பது சாவிக்கடைக்காரருக்குக்கூட விளங்கியது. நிறுவனர், போகும்போது கதவில் இடிக்காமல் பார்த்துக் கொண்டுபோகச் சொன்னார், புதுப் பூச்சு.

காலியான கூடத்தைப் பார்த்துச் சிற்பி மெய்மறந்தார். இப்போதுதான் அடையாளம் முழுமை பெற்றது என்றார். திறப்பு விழாவுக்குக் கூட்டம் அலைமோதியது. எல்லாரும் வட்டத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் கிண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். அவரை மெல்ல வெளியே அழைத்துப் போனார்கள்.

அந்த ஆண்டின் சிறந்த காட்சி அடையாளத்துக்கான விருது யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நிறுவனரும் அடையாளத்தின் ஒரு பகுதி என்பதால், விழாவுக்கு முன் அவருடைய மீசை எடுக்கப்பட்டது. சட்டை, கால்சட்டை, செருப்பு, கண்ணாடிச் சட்டம் அனைத்தும் மௌனத்துக்கு முந்தைய பழுப்பில் அமைந்தன. மனைவியை அழைத்தார். ஆர்டர் இருக்கிறது, சூளை ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். மேடையில் நடுவர் ஒருவர், உங்கள் தயாரிப்பு என்ன என்று கேட்டார். நிறுவனர் “பா...” என்று ஆரம்பித்தார். சிற்பி அவர் காலை மிதித்து, “எதிர்பார்ப்பு” என்று முடித்துவைத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கைதட்டியவர்களில் ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளியும் இருந்தார். அவருக்கு அந்த வட்டம் பிடித்துப்போயிற்று. இடைவெளி வழியாகத் தூக்கம் உள்ளே வருவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ‘ம்’ என்பதும் தூங்கப் போகிறவர் சொல்கிற சொல்தானே. சிற்பி கூடத்துக்கு வந்து நிறுவனரின் கையைப் பற்றிக்கொண்டார். குரல் தழுதழுத்தது.

“அடையாளம் வளர்ந்துடுச்சு, சார். உங்க கூடம் அதுக்குச் சின்னதாப் போச்சு. வளர்ற புள்ளையப் புடிச்சு வைக்கக்கூடாது.”

ஒப்பந்தப்படி பிள்ளை சிற்பியுடையது. மெத்தைக் கம்பெனி ஆட்கள் வந்து சுவரிலிருந்த வட்டத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பெயரும் போயிற்று. தொலைபேசி அடித்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல், அடித்து ஓயும்வரை நிறுவனர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு நடந்தார். மைத்துனி வீட்டு ஷெட்டுக்கு அவர் அதுவரை போனதே இல்லை. வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. காகிதத்தில் சுற்றிய கிண்ணங்களோடு ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே பலகை பலகையாக நீலம் காய்ந்துகொண்டிருந்தது. மனைவி சக்கரத்தில் ஒரு வாய் குறுகிய ஜாடியை ஏற்றிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பேசுவதைக் கேட்டார். பேச்சு, பக்கத்தில் குவளை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் அம்மாளோடு.

நிறுவனர் வாசலிலேயே நின்றார். மன்னிப்பு என்று ஏதோ சொல்லத்தான் வந்தார். வழிநெடுக ஒத்திகை பார்த்த வாக்கியம் நெறிநூலின் முன்னுரை போலவே இருந்ததால் வாய் வரவில்லை.

அந்த அம்மாள்தான் முதலில் பார்த்தார். “வாசல்ல யாரோ ரொம்ப நேரமா நிக்கிறாரே, உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

மனைவி சக்கரத்தை நிறுத்தினாள். புறங்கையால் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, பழுப்புச் செருப்பிலிருந்து பழுப்புக் கண்ணாடி வரை, மீசை இல்லாத அந்த முகம் வரை, அவரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

“அடையாளமெல்லாம் பிரமாதமா இருக்குங்க” என்றாள். “ஆளுதான் யாருன்னு தெரியல.”