கிணற்றையும் டிக்ளேர் பண்ணினவன்

கனடாவுக்கு வந்த தமிழருக்குள் ஒரு பொய்யும் சொல்லாதவன் ஒருத்தன்தான் இருந்தான். அவனும் வந்து என் பக்கத்துக் கதவில் குடியிருந்தான். என் விதி.

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் அவனுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது. 'டிக்ளேர்' என்று கேட்டால் லிஃப்டுக்குள் நிற்கிற குழந்தையும் கை காட்டும். ஊருக்குப் போய்த் திரும்பினால் நாங்கள் எல்லாரும் கருவாட்டை உடுப்புக்குள் சுற்றி, வாயை மூடிக்கொண்டு வருவோம். இவன் விமான நிலையத்தில் மிளகாய்த்தூளையும் பனங்கட்டியையும் மேசையில் அடுக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் கறிவேப்பிலை இருக்கு, நீங்கள் பாக்கேல்லை" என்று அதிகாரிக்குத் தானே எடுத்துக் கொடுத்தவன்.

நான் பெரிய படிப்புக்காரி இல்லை. ஊரில் மூன்றாம் வகுப்பு, இங்கே ஆறு மாதம் இங்கிலீசு வகுப்பு. மூன்றெழுத்துச் சொல் என்றால் வாசிப்பேன். நாலாவது எழுத்து வந்தால் தாளை மூடி வைத்துவிடுவேன். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. ஆனால் இந்த நாட்டில் ஒருவரிடமும் கை நீட்டினவள் இல்லை. எனக்குக் கொடுத்துத்தான் பழக்கம்.

டிக்ளேரும் மனைவி சுகந்தியும் இரண்டு பேரும் முழுநேர மாணவர்கள். அவளுக்குத் தாதிப் படிப்பில் கடைசி வருடம். அவன் ஹீற்றர் திருத்துகிற படிப்பு. வீட்டில் மூன்று வயதில் ஒன்று, தவழ்கிறது ஒன்று. ஒருவர் வகுப்பால் வர மற்றவர் போவார். பஸ் தரிப்பில் வைத்துத்தான் பிள்ளைகளைக் கை மாற்றுவார்கள். ஒருநாள் பை மாறிவிட்டது. வகுப்பில் டிக்ளேர் பையைத் திறந்தால் நப்பியும் பால்போத்தலும். வாத்தியார் கேட்க முதலே எழுந்து நின்று அதையும் சொல்லியிருக்கிறான்.

இவர்கள் மாணவர் கடனுக்கு எழுதிப் போட்டார்கள். ஃபோமில், வேறு சொத்து உண்டா என்று ஒரு கட்டம். எல்லாரும் இல்லை என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். இவன் ஊர்க் காணி உறுதியை எடுத்து விரித்தான். எங்கள் உறுதிகளில் காணி, வீடு, பனை, தென்னை எல்லாம் எழுதி முடிய, கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் என்று ஒரு வால் இருக்கும். காணி தங்கைக்குச் சீதனமாகப் போய்விட்டது. கிணற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் எப்படியோ இவன் பெயரில் தங்கிவிட்டது. எழுதிவிட்டான்.

கடன் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. கிணற்றின் பெறுமதி என்ன, அதனால் மாதம் என்ன வருமானம், மற்ற ஏழு பங்காளிகளும் யார்?

"உந்தக் கிணத்தை ஏன்ரா எழுதினனி?" என்று கேட்டேன்.

"இருக்கிறதுதானே, அன்ரி."

"இருந்தா? இஞ்ச இருந்து தண்ணி அள்ளுறியோ?"

"அள்ளாட்டிலும் பங்கு பங்குதான்."

கடன் போய்க் கிணற்றுக்குள் குந்திவிட்டது. சரி என்று அரசாங்க உதவிப் பணத்துக்கு, வெல்ஃபெயருக்குப் போனார்கள். முழுநேரம் படிக்கிறவர்களுக்கு இங்கே இல்லை, மாணவர் கடனுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடன்காரர் கிணற்றைக் கேட்கிறார்கள், வெல்ஃபெயர்காரர் கடனைக் காட்டுகிறார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் நாலு உயிர். மாத முடிவுக்குள் வழி பிறக்காவிட்டால் ஒருவர் படிப்பை விட்டு வேலைக்குப் போக வேண்டும். மற்ற வீடுகளில் எனக்கு எனக்கு என்றுதான் சண்டை வரும். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், "நான் விடுறன்", "இல்லை, நான்தான் விடுவன்" என்று சண்டை.

கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் கட்டடமே கூடி யோசனை சொன்னது. ஒன்பதாம் மாடி மணியண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மனிசி விட்டிட்டுப் போட்டாள் எண்டு எழுது. உடனை கிடைக்கும்."

"அவ போகேல்லையே, அண்ணை. உங்களுக்குப் பக்கத்தில நிண்டு உடுப்பு மடிக்கிறா."

சுகந்தி மடித்த சட்டையைக் கூடையில் போட்டாள். "இப்பிடியே போனா நான் மெய்யாவே போயிடுவன். பிறகு உண்மையா எழுதலாம்."

கடைசியில் வெல்ஃபெயருக்கு மறுபடி ஒரு விண்ணப்பம், அதோடு பதினொரு பக்கக் கடிதம். அனுப்ப முதல் எனக்கு வாசித்துக் காட்டினான். யார் உதவி செய்கிறார்கள் என்ற இடத்தில், 'பக்கத்து வீட்டு அன்ரி. கிழமைக்கு ஐம்பது இடியப்பம், சொதி, சில நாள் புட்டு. உறவு: இல்லை.'

எனக்கு உச்சியில் ஏறியது. "என்ர இடியப்பம் என்ன கள்ளச்சாமானோ கவண்மேந்துக்கு எழுத? அதை விடு. உறவு இல்லையோ? அப்ப நேற்றுச் சொதி ஆருக்கடா ஊத்தினனான்?"

"அவங்கள் கேக்கிறது ரத்த உறவு, அன்ரி. பொய் எழுதேலாது."

இரண்டு நாள் இடியப்ப உரலை நான் தொடவில்லை. மூன்றாம் நாள் மூத்தது கோப்பையோடு வந்து கதவைத் தட்டியது. அந்தப் பிள்ளை என்ன ஃபோமா எழுதினது?

கடிதத்தைப் பார்த்துவிட்டு, வெல்ஃபெயர் அதிகாரி நேரில் வருகிறா என்று செய்தி வந்தது. இனி நடந்தது எங்கள் பிழை, மறைக்கமாட்டேன். வீட்டுக்கு ஆள் வருகுது என்றால் எங்கள் சனத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான், இருக்கிறதில் நல்லதை எடுத்து வெளியே வைப்பது. டிக்ளேர் வகுப்பால் வருவதற்குள் என் சோஃபா பிளாஸ்டிக் உறையோடு அந்த வீட்டுக்குப் போனது. மணியண்ணையின் மனைவி தன் ஆறு வளையலைச் சுகந்தியின் கையில் ஏற்றினா. ரோல்ஸ், கேக், நெல்லிரசம், நடுவில் என் குத்துவிளக்கு. வெறும் வீடாகக் கிடந்தது கலியாண வீடாகிவிட்டது.

அதிகாரி அம்மா உள்ளே வந்தா. சோஃபாவைப் பார்த்தா, வளையலைப் பார்த்தா, கையிலிருந்த பேனாவை மூடினா. அப்போதுதான் நாங்கள் செய்த வேலை எனக்கு விளங்கியது. சுகந்தி வளையல் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

டிக்ளேர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். வகுப்பால் வந்த கையோடு குசினிக்குள் நின்று எழுதியிருக்கிறான், பாவி. அவன் இங்கிலீசில் வாசிக்க, சுகந்தி என் காதுக்குள் தமிழில் சொன்னாள்.

"சோஃபா, விளக்கு, பக்கத்து வீட்டு அன்ரியின்ர. வளையல் ஒன்பதாம் மாடி அக்கான்ர, பின்னேரம் திருப்பிக் குடுக்கவேணும். ரோல்ஸ் நாலாம் மாடி. கேக் ஆர் தந்தது எண்டு இன்னும் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன். எங்கட எண்டு, பாய் ரெண்டு, மேசை ஒண்டு, பிள்ளையள் ரெண்டு."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றா. தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்போ வேறேதுமோ, நான் கேட்கவில்லை. திரும்பி வந்து கிணற்றைப் பற்றிக் கேட்டா. பெறுமதி இல்லை என்று எழுதிவிட்டால் கடன்காரர் விட்டுவிடுவார்களே என்றா.

"எப்பிடி எழுதுறது?" என்றான் இவன். "அது நல்ல தண்ணிக் கிணறு."

இனியும் என்னால் பொறுக்க முடியவில்லை. "அட விசரா! அந்தத் தண்ணியில ஒரு மிடறு இஞ்ச இருந்து குடிப்பியோ? வித்தா ஆரும் வாங்குவானோ? ஏலாதெண்டா, ஏலாது எண்ட உண்மையை எழுதன்!"

டிக்ளேர் பேனாவை எடுத்தான். "ஓம். அது உண்மைதான்" என்றான். அங்கேயே நின்று கடன் கந்தோருக்கு எழுதினான்: குடிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

கடன் முடிவு வரும்வரைக்கும் உதவிக்கு எழுதிவிடுவதாக அதிகாரி அம்மா சொல்லிப்போனா, எழுதியும்விட்டா. ரோல்ஸ் மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் தானும் டிக்ளேர் பண்ணவேண்டுமாம்.

கடன்காரரும் கிணற்றை விட்டார்கள், ஒருவரும் படிப்பை விடவில்லை. சுகந்தி இப்போது தாதி. இவன் ஊரெல்லாம் ஹீற்றர் திருத்துகிறான். வீடு மாறி றிச்மண்ட் ஹில் பக்கம் போய்விட்டார்கள். போன மாரியில் எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. அதற்கொரு ஃபோம். நிரப்ப அவன்தான் வந்தான். என் வயதைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரு சண்டை நடந்து முடிந்தது, வென்றது அவன்தான். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே தன் பெயரைப் போட்டான். பக்கத்துக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, "கையெழுத்து வையுங்கோ, அன்ரி" என்று தாளைத் தள்ளினான்.

"என்னடா இந்தக் கட்டம்?"

"உறவு."

குனிந்து பார்த்தேன். மூன்றே எழுத்து. எஸ், ஓ, என். ஒருமுறை வாசித்தேன், சரிதானா என்று இன்னொருமுறை வாசித்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

டிக்ளேர் ஃபோமில் பொய் எழுதமாட்டான் என்று கட்டடத்துக்கே தெரியும். கையெழுத்து வைத்தேன்.