ஏழாம் நம்பர் மட்டையால் நான் ஜெயித்த விதம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அக்காளும் நலம், என் வலது தோள் மட்டும் இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை. அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மேலே படி. இது ஜெயித்தவன் எழுதும் கடிதம்.

பாதிக் கதை உனக்குத் தெரியும். கண்ணாடிக் கடையை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டதும், நம் சம்பந்தி பல் டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டுபோய் கோல்ஃப் மைதானத்தில் நிறுத்தினார். அதைக் கேள்விப்பட்ட நீ சும்மா இருந்திருக்கலாம். இருக்காமல் டிரைவர் என்கிற அந்த நீளக் காம்பு, பெருந்தலை மட்டையைப் பார்சலில் அனுப்பி, கூடவே ஒரு சீட்டும் வைத்தாய். "அத்தான், கோல்ஃப்ல தூரந்தான் எல்லாம். முதல் அடி தூரமா விழுந்துட்டா அடுத்ததுக்குச் சின்ன மட்டை போதும். கொஞ்சம் கோணலா போனா போகட்டும்" என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் கோணல் என்றால் என்ன என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். பார்சலைப் பிரித்த அன்றே கூடத்தில் லேசாக வீசிப் பார்த்தேன், கூரை விளக்கு போயிற்று. மறுநாள் மைதானத்தில் முதல் பந்து புல் வெட்டுகிறவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்தது, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து இரண்டாவதை அடித்தால் அதுவும் அவரைத் தேடிக்கொண்டே போயிற்று, மூன்றாவது வேலியைத் தாண்டி ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வையில் சுருண்டு விழுந்தது, அந்த வீட்டம்மா பந்தைத் தரமாட்டேன் என்று சொன்னதோடு விடாமல் என் வயதையும் கேட்டார். நாலாவது அடியில் பந்து அங்கேயே இருந்தது, தோள்தான் போயிற்று.

தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்த நாலு நாளும் யோசித்தேன். நான் நாற்பது வருஷம் கோணத்தை வைத்துப் பிழைத்தவன். மூக்குக்கண்ணாடியில் ஐந்து டிகிரி பிசகினால் போட்டவனுக்குத் தலைவலி வரும். பந்தில் அதே ஐந்து டிகிரி பிசகினால் பத்து கஜத்தில் ஒன்றும் தெரியாது, இருநூற்றைம்பது கஜத்தில் அடுத்த தெரு. ஆக, எவ்வளவு தூரம் அடிக்கிறாயோ அவ்வளவு பெரிதாக உன் தப்பையும் அடிக்கிறாய். எழுந்ததும் உன் மட்டையை மூலையில் சாத்திவிட்டு ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்தேன். காம்பு குட்டை, முகம் நன்றாக மேல்நோக்கிச் சாய்ந்தது. பந்து உயரே எழும்பி, நூற்றிருபது கஜத்தில் இறங்கி, அங்கேயே நிற்கும். சம்பந்தி இரண்டு அடியில் போகிற இடத்துக்கு எனக்கு மூன்று அடி ஆகும், ஆகட்டுமே. அவர் பாதி நேரம் புதருக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருப்பார். வாழ்நாள் முழுக்க ஒரு பல்லுக்குள் வேலை பார்த்த மனுஷன், இவ்வளவு பெரிய புல்வெளியைக் கண்டதும் தலைகால் புரியாமல் ஆகிவிட்டார்.

கைக்கு மட்டை அமைந்தால் போதுமா, கண் வேண்டாமா? அந்த விஷயத்தில் எனக்கு ஆண்டவன் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் தேதி என் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்து, என் கடை எழுத்துப் பலகையை நானே படித்துப் பார்ப்பேன். இந்த வருஷமும் அடி வரி வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அறுபத்தாறு வயதில் கண்ணாடி போடாத கண்ணாடிக் கடைக்காரன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

இப்போது தலையாய விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியின் பள்ளி விடுமுறை ஒரு மாசம். அவளை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று வருஷா வருஷம் எனக்கும் சம்பந்திக்கும் இழுபறி. போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனவள், இரண்டு பல் விழுந்து, இரண்டு அங்குலம் வளர்ந்து திரும்பினாள், அத்தனையும் நான் பார்க்காமலே நடந்துவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இந்த வருஷம் என் மகள் போனில், "ரெண்டு அப்பாவும் பேசி முடிவு பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க, நடுவுல என்னை இழுக்காதீங்க" என்று வைத்துவிட்டாள். சம்பந்தி, ஒன்பது குழி ஆடுவோம், ஜெயித்தவர் வீட்டுக்குப் பேத்தி என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே மாடி அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, சின்னக் கட்டிலையும் திருகு முடுக்கி ஜன்னலோரம் போட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை ஆட்டம். எட்டு குழி முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழி முந்நூறு கஜம். உன் கட்சிக்காரர் டிரைவரைச் சுழற்றினார், பந்து கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. நான் அசரவில்லை. ஏழாம் நம்பரில் ஒன்று, நேர். மறுபடி ஒன்று, நேர். மிச்சம் அறுபது கஜம்தான். பெரிய மரத்துக்குக் கீழே குழியில் நட்ட கொடி ஆடிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு மெள்ளத் தட்டினேன். பந்து எழும்பி, விழுந்து, உருண்டு, குழிக்குள் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மைத்துனா, நான் குதித்தேன். தோளை மறந்து மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் குதித்தேன். சம்பந்தியுடைய பந்து எங்கே கிடந்தது தெரியுமா, என் குழியிலிருந்து நாற்பது தப்படி தள்ளி. தூரம் தூரம் என்று அலைந்தால் இதுதான் கதி. அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை, தன் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"நேராத்தான் போச்சு சம்பந்தி. அதுல சந்தேகமே இல்லை" என்றார்.

தோற்றவரே ஒப்புக்கொண்டதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்? உன் அக்காள் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வழியெல்லாம் "கடைசியில ஏன் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா நடந்தீங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆட்டம் தெரியாதவர்களுக்கு வியூகம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

ஆகவே, உன் டிரைவரைப் பார்சல் கட்டியாயிற்று, இந்தக் கடிதத்தோடு வந்து சேரும். பதிலுக்கு நீ எனக்கு ஒரே ஒரு வரி எழுது: "அத்தான், தூரத்தைவிட நேர்தான் பெரிது." அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டுவேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நேராக வளர்ந்து நெடுநாள் வாழட்டும். உனக்கும் ஆசி உண்டு, அந்த ஒரு வரி வந்த பிறகு.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் அத்தான்

பின்குறிப்பு: மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உன் அக்காளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு நேரே சம்பந்திக்குப் போன் போட்டாள். அவரும் வந்தார். நான் பந்து போட்டது ஒன்பதாவது குழியில் இல்லையாம், பக்கத்தில் இருக்கிற முதல் குழியிலாம். அவருடைய பந்து சரியான குழிக்கு ஒரு முழம் பக்கத்தில் கிடந்திருக்கிறது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ்வளவு சந்தோஷமா குதிச்சீங்க, எனக்குச் சொல்ல வாய் வரலை" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, என் கண்ணைப் பற்றிப் பேச வேண்டாம் என்றேன். உன் அக்காள் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டுபோய் என் நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். எழுத்துப் பலகையைக் கடகடவென்று சொன்னேன். பாதியில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பலகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இது யார் என்று கேட்டாள். உன் தம்பி என்றேன். பேத்தி.

உன்னோடு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றே எனக்கு நானே கண்ணாடி செய்து போட்டுக்கொண்டேன். சம்பந்தி தங்கமானவர், வரும் ஞாயிறு மறுபடி ஆடலாம் என்று சொல்லிவிட்டார். இன்று காலை பழகிப் பார்க்கப் போனேன். கண்ணாடியோடு பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒன்பதாவது குழியின் கொடி ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. உன் மட்டையைப் பார்சலிலிருந்து எடுத்துக்கொண்டேன்.